4 ஜிபியும் 8 ஜிபியும் சேரும்: பழைய ரெம்மைக் கழற்றி வீசச் சொல்பவர்களுக்கு



"4 ஜிபியோட 8 ஜிபி போடேலாது சேர். ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும். இல்லாட்டி போர்ட் எரிஞ்சிரும்."

பாடசாலைக் கணினிகளைத் திருத்த அலைந்த ஆசிரியர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டதும் நாங்கள் என்ன செய்கிறோம்? தலையாட்டிவிட்டு வந்து அதிபரிடம் சொல்கிறோம். அதிபர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் சொல்கிறார். "ஒரு கணினிக்கு இரண்டு புது ரெம் வேண்டுமாம்" என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தொகை பெரிதாக நிற்கும். "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று கூட்டம் கலையும். கணினி அறையில் பிள்ளைகள் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே தலைமுறை ரெம்மாக இருந்தால், அளவு வேறாக இருப்பது தடையே இல்லை. 4 உடன் 8 சேரும், 2 உடன் 4 சேரும். போர்ட் எரியாது. நல்ல நிலையில் உள்ள பழைய ரெம்மைக் கழற்றி ஒதுக்கச் சொல்வது பெரும்பாலான பாடசாலைகளுக்கு வீண்விரயம். இதை ஐ.சி.டி. ஆசிரியர்கள் மட்டுமல்ல, அதிபர்களும் பழைய மாணவர் சங்கத்தினரும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் காசு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

*இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?*

இரண்டு காரணம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு கணினிப் பாகங்களின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. இரண்டாவது, 2025 இன் கடைசி மாதங்களில் உலகம் முழுக்க ரெம் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய தரவு நிலையங்களுக்குச் சிப் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை கொடுத்ததால் சாதாரணக் கணினிகளுக்கான ரெம் தட்டுப்பாடானது. டிடிஆர்4 போன்ற பழைய வகைகளின் உற்பத்தியையும் குறைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் வேலை செய்யும் ஒரு 4 ஜிபி கார்டை லாச்சிக்குள் போட்டுப் பூட்டுவது, அரிசி விலை ஏறும்போது பானையில் இருக்கும் அரிசியைக் கொட்டுவது போன்றது.

*இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?*

கடைக்காரர்கள் இதைக் கற்பனையில் இருந்து சொல்லவில்லை. ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. 1990களின் நடுவில் பென்டியம் கணினிகளில் 72 பின் உள்ள சிம் வகை ரெம் இருந்தது (தொலைபேசி சிம் அல்ல). அந்தக் கார்ட் ஒரு தடவைக்கு 32 பிட் கொடுக்கும். பென்டியம் புரோசசரோ ஒரு தடவைக்கு 64 பிட் கேட்கும். ஆகவே ஒத்த இரண்டு கார்ட்களைச் சோடியாகப் போட்டால்தான் அந்தச் சோடி வேலை செய்யும். அதற்கு முந்திய 30 பின் வகையில் ஒரு கார்ட் 8 பிட் மட்டுமே. 486 கணினிக்கு நான்கு நான்காகப் போட வேண்டியிருந்தது.

பிறகு டிம் வகை வந்தது. ஒரே கார்ட் 64 பிட் கொடுக்கும். ஒன்று போட்டாலே கணினி ஓடும். சோடிக் கட்டாயம் அன்றைக்கே முடிந்துவிட்டது. ஆனால் விதி வாயிலிருந்து வாய்க்கு வந்துகொண்டே இருக்கிறது. குருவிடம் கேட்டவர் சீடனுக்குச் சொன்னார், சீடன் எங்களுக்குச் சொல்கிறார். விதி பிறந்த காரணம் போய் ஏறத்தாழ முப்பது வருடம் ஆகிறது.

*உள்ளே என்ன நடக்கிறது?*

இன்றைய டெஸ்க்டொப் கணினிகள் அநேகமானவற்றில் ரெம்முக்கு இரண்டு பாதைகள் உள்ளன. டுவல் செனல் என்பது இதுதான். இரண்டு பாதையிலும் சம அளவு ரெம் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வரும்.

நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி பங்கிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிடாரம், இரண்டு அகப்பை, இரண்டு வரிசை. ஒரு கிடாரம் சிறியது, மற்றது பெரியது. இரண்டிலும் கஞ்சி இருக்கும் வரை இரண்டு வரிசையும் வேகமாக நகரும். சின்னக் கிடாரம் முடிந்த பிறகு பெரியதிலிருந்து மட்டும் ஒரு வரிசையாகக் கொடுப்பார்கள். கொஞ்சம் மெதுவாகும். அதற்காகக் கஞ்சி கெட்டுப்போகுமா? "கிடாரம் ரெண்டும் ஒரே சைஸ் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று யாராவது சொல்வார்களா?

4 ஜிபியும் 8 ஜிபியும் போட்டால் நடப்பது இதுதான். 4 இலிருந்து 4 ஐயும், 8 இலிருந்து 4 ஐயும் எடுத்து, மொத்தம் 8 ஜிபி டுவல் செனலில் ஓடும். மீதி 4 ஜிபி ஒற்றைப் பாதையில் ஓடும். கூட்டினால் 12 ஜிபி முழுமையாகக் கிடைக்கும். இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் மெமரி என்று பெயரே வைத்திருக்கிறது. 2006 இல் வந்த 965 சிப்செட்டிலேயே இந்த வசதி இருந்தது. ஆகவே இது யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி அல்ல. தயாரித்தவர்களே நினைத்து வைத்த வழி. ஏஎம்டி கணினிகளிலும் அளவு வேறான ரெம் ஓடும். எந்த ஸ்லொட்டில் எதைப் போடுவது என்பதை மட்டும் போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஸ்லொட் உள்ள போர்ட் என்றால் இன்னும் வசதி. ஒரு பாதையில் 4 + 4, மற்றப் பாதையில் ஒரு 8. இரண்டு பக்கமும் 8 ஆகிவிடும். கணக்கில் பார்ப்பது பாதையின் மொத்தத்தை. கார்ட்களின் எண்ணிக்கையை அல்ல.

*"ஸ்லோ ஆகிடும்" என்ற பயம்*

சரி, ஒற்றைப் பாதை மெதுவானதுதானே என்று கேட்கலாம். எதோடு ஒப்பிட்டு மெதுவு என்று பார்க்க வேண்டும்.

டிடிஆர்3 1600 ரெம் ஒரு பாதையில் செக்கனுக்கு 12.8 ஜிபி கொடுக்கும், இரண்டு பாதையில் 25.6 ஜிபி. ரெம் போதாமல் போனால் விண்டோஸ் என்ன செய்கிறது? ரெம்மில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் நன்றாக ஓடினாலும் செக்கனுக்கு 100, 150 எம்பிதான். அதாவது ஒற்றைப் பாதை ரெம்மின் நூறில் ஒரு பங்கு. ஒரு இடத்தைத் தேடி எடுக்கும் நேரத்தைப் பார்த்தால் இடைவெளி இன்னும் மோசம்: ரெம்முக்கு நானோ செக்கன் கணக்கு, டிஸ்குக்கு மில்லி செக்கன் கணக்கு. ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு.

பிள்ளை பிரவுசரைத் திறந்து, அதோடு ஒரு வேர்ட் கோப்பையும் திறந்ததும் கணினி செத்தது போல நிற்பது இதனால்தான். டாஸ்க் மெனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி 90 இற்கு மேல், டிஸ்க் 100 வீதம் என்று நிற்கும். அந்தக் கணினிக்குத் தேவை இடம். ஒற்றைப் பாதையா இரட்டைப் பாதையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

டுவல் செனல் கணிசமாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத கணினிகளில் திரைக்கான வேலையும் ரெம்மில்தான் நடக்கிறது. விளையாட்டு, வீடியோ எடிட்டிங் என்றால் இரட்டைப் பாதையின் வித்தியாசம் தெரியும். வேர்ட், எக்செல், பைதன், இணையம் என்ற எங்கள் பாடத்திட்ட வேலைகளில் அது பெரிதாகத் தெரியாது.

வேகம் வேறான இரண்டு கார்ட்களைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும். 2400 உம் 2666 உம் போட்டால் 2400. ஒவ்வொரு கார்டிலும் தன் விபரத்தைச் சொல்லும் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. போர்ட் அதை வாசித்து, இரண்டுக்கும் பொருந்துவதைத் தானே தெரிவுசெய்யும். கம்பனி வேறாக இருந்தாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

*உண்மையில் சேர்க்கக் கூடாதவை*

"எல்லாம் சேரும்" என்று நாங்கள் சொல்லவில்லை. சேராதவற்றையும் தெரிந்துகொண்டால்தான் கடையில் நின்று பேசலாம்.

1. தலைமுறை வேறானவை. டிடிஆர்3 இல் 240 பின், டிடிஆர்4 இல் 288 பின். வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்5 இலும் 288 தான், ஆனால் வெட்டின் இடம் வேறு. பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். அழுத்தி ஏற்றப் போனால் அப்போதுதான் போர்ட் பழுதாகும்.

2. மின்னழுத்தம். சாதாரண டிடிஆர்3 இற்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் இற்கு 1.35. எல் வகை 1.5 இலும் ஓடும். ஆனால் 1.35 மட்டும் கேட்கும் போர்டில் 1.5 வகையைப் போடக் கூடாது. கார்டில் ஒட்டியிருக்கும் தாளில் இது எழுதியிருக்கும்.

3. போர்டின் எல்லை. ஜி41 சிப்செட் 8 ஜிபி வரைதான் ஏற்கும். எச்61 உம் எச்81 உம் 16 ஜிபி வரை. ஜி41 இல் இன்னொரு வில்லங்கமும் உண்டு: 16 சிப் உள்ள 4 ஜிபி கார்ட் ஓடும், 8 சிப் மட்டும் உள்ளதை அது அடையாளம் காணாது.

4. "ஏஎம்டிக்கு மட்டும்" என்று எழுதி மலிவாக விற்கப்படும் டிடிஆர்3 கார்ட்கள். இன்டெல் கணினியில் அவை ஓடாது. மலிவைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம்.

5. சேர்வர்களில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் வகை. சாதாரண டெஸ்க்டொப்பில் ஓடாது. லெப்டொப் கார்டும் அளவில் சிறியது, பொருந்தாது. ஆனால் சில மிகச் சின்ன டெஸ்க்டொப்களில் லெப்டொப் கார்ட்தான் பாவிப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

6. 32 பிட் விண்டோஸ். இது ரெம்மின் குற்றமல்ல, ஆனால் பழி ரெம்மில் விழும். விண்டோஸ் 7, 10 இரண்டிலுமே 32 பிட் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் பாவிக்காது. 12 ஜிபி போட்டுவிட்டு 3 சொச்சம் காட்டுகிறது என்றால் கார்டைக் கழற்ற வேண்டாம், 64 பிட் பதிப்பைப் போடுங்கள்.

*கடைக்காரர் பக்க நியாயம்*

அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. புதிதாக ஒரு கணினி கட்டுபவருக்கு ஒரே பெட்டியில் வரும் சோடியை வாங்கச் சொல்வது சரியான அறிவுரை. அந்தச் சோடி தயாரிப்பாளரால் ஒன்றாகப் பரிசோதிக்கப்பட்டது. வேறு வேறு கார்ட்கள் கட்டாயம் ஒத்துப்போகும் என்று எந்தத் தயாரிப்பாளரும் உத்தரவாதம் தருவதில்லை. அரிதாகச் சேராமல் போவதும் உண்டு. இயல்பு வேகத்துக்கு மேலே ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயோஸில் போட்டுவிட்டு, வேறு வேறு கார்டைச் செருகினால் கணினி தடுமாறும். அப்படி நடந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து நிற்பது கடைக்காரரின் வாசலில்தான். அந்தத் தலையிடிக்கு "ஒரே சைஸ் போடுங்க" என்பது அவருக்கு இலகுவான பதில்.

ஆனால் அவருக்கு இலகுவான பதிலும் எங்களுக்குச் சரியான பதிலும் ஒன்றல்ல. விளையாட்டுக் கணினி கட்டும் இளைஞருக்குச் சொல்வதை, வகுப்பில் 35 பிள்ளைகளை வைத்திருக்கும் பாடசாலைக்கும் அப்படியே சொல்லக் கூடாது. "எரிந்துவிடும்" என்று பயமுறுத்துவது எந்த வகையிலும் நியாயமில்லை. சேராத அளவு என்று ஒன்று இருந்தாலும் கணினி பீப் அடிக்கும், அல்லது திரை வராது. கழற்றினால் பழையபடி ஓடும்.

*ஒரு கணக்கு*

ஒரு கணினி அறையில் 20 கணினிகள். ஒவ்வொன்றிலும் ஒரு 4 ஜிபி கார்ட், ஒரு ஸ்லொட் காலி. எங்கள் பகுதிப் பாடசாலைகளில் வழமையாகக் காணும் நிலை இது.

முதல் வழி: பழையதைக் கழற்றிவிட்டு இரண்டு 8 ஜிபி. 40 கார்ட் வாங்க வேண்டும். 20 நல்ல கார்ட் லாச்சிக்குப் போகும். ஒரு கணினிக்கு 16 ஜிபி.

இரண்டாம் வழி: பழையதை வைத்துக்கொண்டு ஒரு 8 ஜிபி. 20 கார்ட் போதும். ஒரு கணினிக்கு 12 ஜிபி.

மூன்றாம் வழி: இன்னொரு 4 ஜிபி. 20 சின்னக் கார்ட். ஒரு கணினிக்கு 8 ஜிபி, அதுவும் முழுமையாக இரட்டைப் பாதையில்.

முதல் வழியில் வாங்கும் அதே 40 கார்ட்களைக் கொண்டு இரண்டாம் வழியில் 40 கணினிகளை 12 ஜிபி ஆக்கலாம். அதாவது பக்கத்துப் பாடசாலையின் அறையும் சேர்த்து. 16 இற்கும் 12 இற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை உணரப் போவதில்லை. 4 இற்கும் 12 இற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை முதல் நாளே உணரும்.

நன்கொடை எதுவும் இல்லாத பாடசாலைக்கு நான்காம் வழியும் உண்டு. களஞ்சிய அறையில் கிடக்கும் பழுதான கணினிகளைத் திறந்து பாருங்கள். மின்வழங்கியோ போர்டோ போயிருக்கும், ரெம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதிலுள்ள 2 ஜிபி கார்ட் ஒன்று, ஓடும் கணினியின் 4 உடன் சேர்ந்தால் 6. சதம் செலவில்லை.

இன்னொன்று: 8 ஜிபி ஏற்கனவே இருக்கும் கணினிக்கு மேலும் ரெம் தேடுவதை விட, ஹார்ட் டிஸ்கை மாற்றி ஒரு எஸ்எஸ்டி போடுவதே மேல்.

*அமானிதம்*

கணினி அறையின் பொருட்கள் எங்கள் சொந்தமல்ல. ஒரு கணினியில் இருந்து கழற்றி மற்றதில் போடுவது சின்ன வேலைதான், ஆனால் பொருட்பதிவேட்டில் அது ஒரு மாற்றம். அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். எந்தக் கணினியிலிருந்து எந்தக் கணினிக்கு என்று திகதியோடு எழுதி வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்க வேண்டாம். வெளியில் கொடுத்துத் திருத்தும்போது, கொடுக்க முன்னரே ஒவ்வொரு கணினியிலும் உள்ள ரெம்மின் அளவையும் எண்ணிக்கையையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். "மாற்றிப் போட்டோம்" என்று சொல்லி எடுத்த பழைய கார்ட்களைத் திருப்பிக் கேளுங்கள். அவை பாடசாலையின் சொத்து.

வேலை செய்யும் முறை: மின்செருகியைக் கழற்றுங்கள். கணினியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்குங்கள். கார்டின் பொன்னிற விளிம்பை இறப்பரால் மெதுவாகத் துடையுங்கள். இரு பக்கக் கொளுக்கியும் "டக்" என்று பூட்டும் வரை செருகுங்கள். ஓடிய பிறகு விண்டோஸில் உள்ள மெமரி பரிசோதனையையோ, இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ ஐயோ ஓடவிட்டு, பிழை இல்லை என்று கண்ட பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் செனல் டுவல் என்று காட்டுகிறதா என்றும் பார்க்கலாம்.

முடிந்தால் இதைப் பிள்ளைகளை வைத்தே செய்யுங்கள். முதன்மை நினைவகம் பற்றிப் புத்தகத்தில் படம் பார்த்து மனனம் செய்த பிள்ளை, அதைக் கையில் பிடித்து, வெட்டைப் பார்த்து, செருகி, திரையில் 4 என்பது 12 ஆக மாறுவதைக் காணட்டும். பெண் பிள்ளைகளையும் முன்னுக்குக் கூப்பிடுங்கள். "இது ஆம்பிளப் புள்ளைகள்ற வேலை" என்று ஒதுங்கி நிற்க விடாதீர்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் ஆசிரியராக வந்து கடையில் நிற்கும்போது, யாரும் அவரைப் பயங்காட்டி அனுப்ப முடியாது.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதும் இல்லை. "எல்லாம் பழசு, தூக்கி வீசுங்க" என்ற குரல் இனிக் கூடும். லினக்ஸ் போட்டு, ரெம்மைக் கூட்டினால் அதே கணினிகள் இன்னும் சில வருடம் பிள்ளைகளுக்கு உழைக்கும்.

நன்கொடை கொடுக்க நினைக்கும் பழைய மாணவர்களுக்கும், வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவோடு இரண்டு புதுக் கணினி கொடுப்பதற்கு முன், இருக்கும் இருபதுக்கும் ஆளுக்கொரு கார்ட் போட என்ன செலவாகும் என்று ஒரு தடவை கேளுங்கள். கார்டில் உங்கள் பெயரைப் பொறிக்க இடமில்லைதான். நன்மைக்குப் பெயர்ப் பலகை தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு முன் உங்கள் கணினி அறையில் ஒரு மணித்தியாலம் செலவிடுங்கள். கணினிக்கு ஒரு வரி: என்ன தலைமுறை, எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லொட் காலி, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா. அந்த ஒரு தாளோடு கூட்டத்துக்குப் போனால், "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

உங்கள் போர்டின் பெயரையும் இப்போதுள்ள ரெம்மின் விபரத்தையும் கீழே எழுதினால், எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். பயன் என்று நினைத்தால் உங்கள் அதிபருக்கும் பகிருங்கள்.